பேச்சுக்கு எட்டு வயது, கோபத்துக்கு மூன்று

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். இரண்டரை வயதிலேயே ஆங்கிலம் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். இப்போது தமிழும் படிக்கிறான். எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் எந்த நிலையத்தைக் கேட்டாலும் எண்ணைச் சொல்வான், எங்கே இறங்கி எந்தத் தடத்துக்கு மாறவேண்டும் என்பதையும் சொல்வான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஓர் எழுத்து கோணினாலும் தாளைக் கிழித்துவிடுகிறான். பாம்பும் ஏணியும் விளையாடித் தோற்றால் பலகையைத் தட்டிவிடுகிறான். எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு வாதம். இந்த மாதம் பாலர் பள்ளியில் இரண்டு முறை மற்ற பிள்ளைகளை அடித்துவிட்டான். “எல்லாம் புரிகிறது, ஆனால் கேட்பதில்லை” என்கிறார் ஆசிரியை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், பிரம்பை எடுத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். கெட்டிக்காரப் பிள்ளைகள் அப்படித்தான், வகுப்பில் சலித்துப் போயிருப்பான், ஐக்யூ சோதனை செய்து பார் என்கிறார் அலுவலகத் தோழி. மருத்துவரிடம் போகவேண்டுமா? இவ்வளவு புரிகிற பிள்ளைக்கு அடிக்கக்கூடாது என்பது மட்டும் ஏன் புரியவில்லை?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அடிக்கக்கூடாது என்பது அவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது. அமைதியாக இருக்கும்போது கேளுங்கள், காரணத்தோடு சொல்வான். தெரிந்ததை அந்தக் கணத்தில் செய்ய முடியாமல் போவதுதான் பிரச்சினை.

சிறுவர் உளவியலில் அட்டை பிரிக்கும் சோதனை ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளையிடம் சிவப்பு, நீல நிறங்களில் முயலும் படகும் வரைந்த அட்டைகளைக் கொடுத்து, முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். சில அட்டைகள் போனபின் “இனி நிறம் வேண்டாம், படத்தைப் பார்த்துப் போடு” என்பார்கள். பெரும்பாலான மூன்று வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து நிறம் பார்த்தே போடுவார்கள். “முயல் எங்கே போகணும்?” என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டுவார்கள். காட்டிய கையோடு அட்டையைப் பழைய விதிப்படியே போடுவார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் பெரும்பாலோருக்கு இது கைவருகிறது. அதுவும் அமைதியான அறையில், யாரும் அவசரப்படுத்தாதபோது. தான் கட்டிய ரயில் பாதையை இன்னொரு பிள்ளை மிதித்துவிட்ட நொடியில் கையை நிறுத்துவது இதைவிடப் பல மடங்கு கடினம். அந்த நிறுத்தும் திறனுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வாசிப்பு முந்திக்கொண்டதால் அதுவும் கூடவே முந்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

1991இல் அமெரிக்காவில் பெற்றோரும் வல்லுநர்களும் கூடிய கொலம்பஸ் குழு, மீத்திறன், அதாவது வயதை மீறிய அறிவுத்திறன், என்பதையே இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வளர்ச்சியை வைத்துத்தான் வரையறுத்தது. உங்கள் மகன் பேசும்போது எட்டு வயதுப் பிள்ளை. பென்சில் பிடிக்கும்போது ஐந்து. கோபம் வந்தால் மூன்று. சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் பேச்சின் வயதைப் பார்த்தே மற்றதையும் எதிர்பார்க்கிறார்கள். ஆசிரியை “கேட்பதில்லை” என்பதும் மாமியார் பிரம்பைத் தேடுவதும் இங்கிருந்துதான் வருகின்றன. எந்த வேலையில் இருக்கிறானோ அந்த வேலையில் அவனுக்கு என்ன வயதோ, அந்த வயதுக்கு ஏற்ற உதவியைக் கொடுங்கள். நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்.

தாள் கிழிப்பதை எடுத்துக்கொள்வோம். ‘ழ’ எப்படி இருக்கவேண்டும் என்று அவன் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். விரல்களுக்கு அந்த வளைவு இன்னும் வரவில்லை. மற்ற ஐந்து வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் எழுத்து கோணலாக இருப்பதே கண்ணில் படாது, இவனுக்குப் படுகிறது. எனவே யோசிப்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுங்கள். கதையோ கணக்கோ அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எழுத்துப் பயிற்சி தனியாக, நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தாளுக்குப் பதில் சிறிய வெள்ளைப் பலகை கொடுங்கள், அதில் அழிப்பது சாதாரண விஷயம். விரல் நீளத்துக்கு ஒடித்த பென்சில், நீளப் பென்சிலைவிடப் பிடிக்க எளிது. அவன் எதிரில் நீங்களும் சாமான் பட்டியல் எழுதுங்கள். பிழை வந்தால் “அடடா, கத்தரிக்காய்க்கு ஓர் எழுத்து விட்டுப்போச்சு” என்று வாய்விட்டுச் சொல்லி, அடித்துத் திருத்தி, மேலே எழுதுங்கள். பிழைக்குப் பிறகும் வேலை தொடரும் என்பதை அவன் கண்ணால் பார்க்கவேண்டும்.

கூடவே ‘கெட்டிக்காரன்’ என்ற பாராட்டை வீட்டில் எல்லோரும் குறைத்துக்கொள்ளுங்கள். 1998இல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முதல் புதிர்களை முடித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரை அறிவுக்காகவும் மற்றொரு பகுதியினரை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் அதன்பிறகு கடினமானதைத் தவிர்த்தார்கள், தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பாற்றவேண்டிய பிள்ளைக்குக் கோணல் எழுத்து ஓர் அவமானம். அதற்குப் பதில் நடந்ததைச் சொல்லுங்கள்: “அந்த ‘ழ’வை மூணு தடவை அழிச்சு எழுதினே, கடைசி வளைவு நல்லா வந்திருக்கு.”

விளையாட்டில் தோற்பதற்கும் பயிற்சி வேண்டும். பாம்பும் ஏணியும் அரைமணி நேரம் ஓடலாம். அவ்வளவு நேரம் நம்பிக்கையோடு ஆடி, கடைசிக் கட்டத்தில் பாம்பு கடித்தால் மூன்று வயதுக் கோபம் தாங்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் சீட்டு விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள், ஒரே மாலையில் நாலைந்து முறை தோல்வியும் வெற்றியும் மாறி மாறி வரட்டும். தோற்றால் என்ன செய்யலாம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: “போச்சு!” என்று சத்தமாகச் சொல்லலாம், தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பலகை பறந்தபின் பாடம் நடத்துவதில்தான் பெரும்பாலான பெற்றோர் தவறுகிறார்கள். அப்போது அவன் காதில் எதுவும் ஏறாது. அவனை எப்போதும் ஜெயிக்க விடுவதும் உதவாது, ஏமாற்றுகிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவான்.

வாதத்துக்கு வருகிறேன். அவன் கேட்கும் ‘ஏன்’களில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது. அதற்கு நேரம் கொடுத்துப் பதில் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அது சாப்பாடு மாதிரி. மற்றது குளிக்கப் போவதைத் தள்ளிப்போடக் கேட்பது. காரணத்தை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். செய்யவேண்டிய நேரத்தில் விளக்கம் கிடையாது: “இப்போ குளியல். நீல துண்டா, பச்சை துண்டா?” அவன் அழுது கத்தும்போது உங்கள் வாக்கியம் நான்கைந்து சொல்லைத் தாண்டவேண்டாம்.

முக்கியமான ஒன்று. ஒன்பது முறை ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுப் பத்தாவது முறை விட்டுக்கொடுத்தால், பத்து முறை கேட்கவேண்டும் என்றுதான் கற்றுக்கொள்வான். விட்டுக்கொடுப்பதை நிறுத்தும்போது முதல் சில நாள்கள் கத்தல் கூடும், அதன்பிறகே குறையும். ‘இந்த முறை பலிக்கவில்லை’ என்று பெற்றோர் கைவிடுவது சரியாக அந்த நாள்களில்தான். தாத்தா பாட்டி, பணிப்பெண் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதற்குத் தயாராக இருக்கும் வாரத்தில் தொடங்குங்கள்.

பள்ளியில் அடிப்பதற்கு உடனடித் தீர்வு சொல்ல மாட்டேன், முதலில் குறிப்பு வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விஷயம்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தான். ‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘பொருள்களை எடுத்துவைக்கச் சொன்னதும் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளினான், ஆசிரியை வெளியே அழைத்துப் போனார்’ என்று எழுதவேண்டும். பள்ளியில் நடப்பதைத் தினம் ஒரு வரியாகத் தரும்படி ஆசிரியையிடம் கேளுங்கள்.

நோட்டைப் படிப்பது எப்படி? வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில் சம்பவங்கள் குவிந்தால், உங்கள் தோழி சொல்வதுபோலச் சலிப்பாக இருக்கலாம். எழுதவோ வெட்டி ஒட்டவோ தொடங்கும் முன்பே வந்தால் அது சலிப்பு அல்ல, தன்னால் முடியாது என்ற பயம். அங்கே கடினமான வேலைத்தாள் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இசை வகுப்பிலோ கூட்டமான சாப்பாட்டு நேரத்திலோ வந்தால் சத்தமும் நெரிசலும் காரணமாகலாம். ஒரு வேலையிலிருந்து மற்றதுக்கு மாறும்போதெல்லாம் வந்தால், முன்னறிவிப்பு வேண்டும். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ போதாது. கடிகாரம் பார்க்கத் தெரிந்தாலும் ஐந்து நிமிடம் எவ்வளவு என்று அவன் உடம்புக்குத் தெரியாது. உங்கள் மகனுக்கு எம்ஆர்டி வரைபடம் இருக்கிறதே! மாலை வேலைகளை ஒரு தடமாக வரைந்து, சாப்பாடு, குளியல், கதை, தூக்கம் என நிலையங்கள் வைத்து, ஒரு காந்த ரயிலை அவனே நகர்த்தட்டும்.

நோட்டில் தூக்கத்தையும் எழுதுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் நம் வீடுகளில் பிள்ளை பத்தரைக்குப் படுத்து ஆறே முக்காலுக்கு எழுவது சர்வசாதாரணம். அது எட்டேகால் மணி நேரம்தான். பாலர் பள்ளியில் பகல் தூக்க நேரம் இருந்து, பிள்ளை தூங்க மறுத்தால் நெடுநேரம் விழித்தபடி மெத்தையில் கிடக்கவேண்டியிருக்கும், சண்டை அங்கேயும் தொடங்கலாம். மெத்தையிலேயே சத்தமில்லாமல் புத்தகம் பார்க்க ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள். இரவில் அரைமணி நேரம் முன்னதாகப் படுக்கவைப்பதை மட்டும் முதல் வாரம் செய்தாலே சில பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரியும்.

பிரம்பு வேண்டாம். அடித்ததற்காக அடிவாங்கும் பிள்ளை, பெரியவர்கள் அடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறான். மாறுவதற்கும் பொறுப்பதற்கும் அவனுக்கு வேண்டிய திறன் அதில் ஒரு துளியும் வளர்வதில்லை. மாமியாரிடம் இதை வாதமாக வைக்காமல், மாலைத் தடத்தில் கதை நிலையத்தை அவர் பொறுப்பில் விடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கவேண்டுமா? ‘கெட்டிக்காரன், அதனால்தான்’ என்று ஒதுக்கிவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் அடிப்பதில்லை. கூர்மையான அறிவும், ஆட்டிசமோ ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடோ ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், ஒன்று மற்றதை மறைக்கலாம். படிப்பதன் பொருள் புரியாமல் மிக முன்னதாகப் படிப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, கற்பனை விளையாட்டு இல்லாதது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, அடிப்பதும் கோபமும் வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாகத் தொடர்வது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்கவேண்டாம். காது கேட்கும் திறனையும் பார்த்துவிடுங்கள்; காதில் நீர் கோத்த பிள்ளையும் ‘கேட்காத’ பிள்ளையாகத்தான் தெரிவான். பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் வளர்ச்சிப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அத்தகைய பிரிவுக்கோ பரிந்துரை கேளுங்கள். அந்த வழியில் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்கும்வரை மேலே சொன்னவற்றைச் செய்துகொண்டிருக்கலாம், அந்த நோட்டு மருத்துவருக்கும் பயன்படும்.

ஐக்யூ சோதனைக்கு இப்போது அவசரமில்லை. இந்த வயதில் பொதுவாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில் சராசரி 100. 130க்கு மேல் வருவோர் நூற்றுக்குச் சுமார் இருவர். ஐந்து வயதில் எடுத்த எண் பின்னாளில் நன்றாகவே மாறலாம். சொல்லறிவு மிக உயர்ந்தும் வேகம் தாழ்ந்தும் இருக்கிறதா என்ற உள் வேறுபாட்டை உளவியலாளர் பார்க்க விரும்பினால் அதற்குப் பொருள் உண்டு. கல்வி அமைச்சின் மீத்திறன் திட்டத்துக்காக என்றால் தேவையே இல்லை. 1984இல் தொடங்கிய அந்தத் திட்டம் (ஜிஇபி) அதன் அப்போதைய வடிவில் தொடராது என்று 2024இல் அறிவித்தாகிவிட்டது. மாணவர்களை அடையாளம் காண்பதும் தொடக்கநிலை 3இல்தான்.

ஆசிரியையிடம் வாசலில் நின்று பேசாமல் பதினைந்து நிமிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். ‘அவனுக்கு வகுப்பு எளிதாக இருக்கிறது’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூன்றே உதவி கேளுங்கள்: வேலை மாறும் முன் அவனிடம் தனியாக ஒரு வார்த்தை, சீக்கிரம் முடித்தால் செய்ய ஒரு நிரந்தர வேலை, கோபம் ஏறும்போது போய் உட்கார ஓர் இடம். அந்த இடம் தண்டனைக்கானது அல்ல என்பதை அவனிடமும் சொல்லிவைக்கவேண்டும். இதையெல்லாம் அவன் இல்லாதபோது பேசுங்கள். பக்கத்தில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

இரண்டு வாரம் முடிந்ததும், எந்த நேரத்தில் சம்பவங்கள் அதிகம் வந்தன, அவற்றுக்கு முன் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, பள்ளியில் எதை முதலில் மாற்றுவது என்று சொல்கிறேன்.