தைல மரத்தை ஒட்டிய கடலை ஏன் எழும்பவில்லை?

கேள்வி: எங்கள் கடலைக் கொல்லையின் கிழக்கு வரப்பை ஒட்டிப் பக்கத்துக்காரர் தைல மரம் போட்டு ஆறு வருடமாகிறது. வரப்பிலிருந்து 20 அடி வரை கடலை முளைக்கிறது, ஆனால் எழும்புவதில்லை. இலையில் விஷம் என்கிறார்கள். மண்ணே கெட்டுவிட்டதா? சருகை மூடாக்காகப் போடலாமா?
— ஒரு விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தைல மரத்தைத்தான் உங்கள் பக்கம் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்களே, அதன் இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுவது சினியோல் என்ற எண்ணெய்ப் பொருளின் வாசம். அது போக, சருகு மழையில் ஊறினால் டிகாஷன் மாதிரி ஒரு பழுப்புச் சாறு மண்ணில் இறங்கும். அதில் ஃபீனால் வகை அமிலங்கள் உண்டு. இரண்டுமே முளைப்பைத் தாமதப்படுத்தும், இளவேரின் நுனியைக் குறுக்கும். ஆக, விஷம் என்ற பேச்சு வெறும் புரளி இல்லை. ஒரு செடி இப்படி ரசாயனத்தால் அக்கம்பக்கத்தைப் பாதிப்பதற்கு 1937-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் ‘அல்லெலோபதி’ என்று பெயர் வைத்தார். சோளம் அறுத்த காட்டில் அடுத்த வெள்ளாமை சோடை போவதற்கும், சோள வேரின் தூவிகளில் கசியும் சோர்கோலியோன் என்ற ரசாயனம் ஒரு காரணம்.

ஆனால் நீங்கள் ‘முளைக்கிறது, எழும்புவதில்லை’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. விஷம் என்றால் முதல் அடி முளைப்பிலும் வேர் நுனியிலும் விழுந்திருக்க வேண்டும். நன்றாக முளைத்துவிட்டு அப்புறம் சுணங்கி நிற்பது பெரும்பாலும் தாகம். ஆறு வயது மரத்தின் பக்க வேர் வரப்புக்கு அடியில் புகுந்து, செம்மண்ணில் நிற்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கிழக்கு வரப்பு என்பதால் காலை வெயிலும் மறைகிறது. முதல் குற்றவாளி வேர், இலை அப்புறம்தான் என்பது என் கணிப்பு.

கணிப்பை வைத்துக் காசு செலவழிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நாலு பழைய பெயிண்ட் வாளி எடுத்து அடியில் ஓட்டை போடுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழம் வரை வரப்போர மண்ணை வெட்டி இரண்டு வாளியில் நிரப்புங்கள். மற்ற இரண்டில் கொல்லையின் நடு மண். வாளிக்கு நாலு கடலை ஊன்றி, எல்லாவற்றையும் ஒரே வெயிலில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். 25 நாள் கழித்து நாலு வாளியும் ஒரே உயரத்தில் நின்றால் உங்கள் மண் கெடவில்லை, தண்ணீரும் வெயிலும்தான் பிரச்சினை. வரப்போர மண்ணில் மட்டும் செடி குன்றியிருந்தால் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் குட்டையாகி நுனி கருத்திருந்தால் சருகுச் சாற்றைச் சந்தேகிக்கலாம். வேர் நன்றாக இருந்து இலை மட்டும் வெளுத்திருந்தால் சத்துக் குறைவு, மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இலையை அரைத்து ஊற்றி விதை முளைக்காததை வீடியோவில் காட்டுவார்கள். அதை நம்பிப் பயப்படாதீர்கள். அவ்வளவு கெட்டியான சாறு நிலத்தில் இறங்குவதே இல்லை, இறங்குவதையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். தொழுவுரம் குறைந்த மணற்பாங்கான மண்ணில்தான் அது கொஞ்ச நாள் தங்கும்.

வேர்தான் காரணம் என்று தெரிந்தால், உங்கள் எல்லைக்குள் 3 அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் நீளக் குழி எடுத்துப் பக்க வேரை வெட்டிவிடுங்கள். மரத்தை ரொம்ப நெருங்கி வெட்டினால் காற்றில் சாயும், அதனால் பக்கத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே இறங்குங்கள். வேர் திரும்ப வரும். வருடம் ஒரு தடவை குழியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சருகுச் சாறுதான் என்றால் இவ்வளவு வேலை இல்லை. மழைக்கு முன்பே சருகைக் கூட்டி அள்ளி, மட்கிய தொழுவுரம் போட்டு உழுது, ஓரிரு நல்ல மழை போன பிறகு விதையுங்கள்.

அள்ளிய சருகைப் பச்சையாக மூடாக்குப் போடாதீர்கள். சாறு இறங்குவது ஒரு பக்கம், அதன் மெழுகும் எண்ணெயும் படிந்தால் மேல்மண்ணில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். சாணிக் கரைசல் தெளித்துக் குவித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டி, நாலைந்து மாதம் மட்க விடுங்கள். கையில் அள்ளி முகர்ந்தால் தைல வாசம் போய் மண் வாசம் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அந்த மட்கைப் போட்டுப் பத்துப் பாசிப்பயறு தூவுங்கள். குறைந்தது எட்டு முளைத்து வேர் நீண்டால் அதே வரப்போரத்தில் கொட்டிவிடலாம்.