திருப்பூர் பனியன் கம்பெனி: வாடிக்கையாளருக்கு வாழ்த்து அட்டை எந்தப் பண்டிகைக்கு அனுப்புவது?

நீங்கள் கேட்டது: உள்ளூர் நூல் கடைக்காரர், வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) இருவருக்கும் ஒரே அட்டை போதுமா என்று. போதாதுங்க.

பையருக்குப் புத்தாண்டு வாழ்த்தே பாதுகாப்பு. அவர் என்ன மதம் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய அலுவலகங்களில் பலவும் டிசம்பர் 24-க்கு முன்பே காலியாகிவிடும், அதனால் நவம்பர் கடைசியிலேயே தபாலில் போட்டுவிடுங்கள். பரிசு வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. வெறும் அட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உள்ளூருக்குப் பொங்கல்தான் என் தேர்வு. தீபாவளிக்கு எல்லோர் மேஜையிலும் ஸ்வீட் பாக்ஸ் குவிந்திருக்கும், அதற்கு நடுவே அட்டையை யார் பார்ப்பார்கள்? உண்மையைச் சொன்னால், ஈரோட்டு மஞ்சள் மண்டியானாலும் கரூர் ஜவுளிக் கடையானாலும் அட்டையைவிடத் தினசரி காலண்டருக்குத்தான் மதிப்பு. வருஷம் முழுக்கச் சுவரில் உங்கள் பெயர் தொங்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே புது காலண்டர் ஆல்பம் (மாதிரிப் புத்தகம்) வந்துவிடும், அப்போதே ஆர்டர் கொடுங்கள்.

அச்சடித்த கையெழுத்து வேண்டாம். பேனாவால் பெயர் எழுதி, "போன சீசன் அவசர ஆர்டருக்கு நன்றிங்க" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம், பாக்கி பில்லை அதே கவரில் வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன். பணம் வந்தது, அடுத்த ஆர்டர் வரவில்லை.