நுண்பொருளியல்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: விலை குறைந்தால் தேவை கூடும். தேவை கூடினால் விலை ஏறும். அப்படியானால் விலை குறைவதால் விலை ஏறுகிறதா?

பதில்: நிறையப் பேர் இடறும் இடம் இது. குற்றம் உங்களுடையது அல்ல. 'தேவை' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். விலை இறங்கும்போது கூடுவது தேவையின் அளவு. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிறோம், கோடு அசைவதில்லை. வருமானம் உயர்ந்தால், ரசனை மாறினால், மாற்றுப் பொருளின் விலை ஏறினால் கோடே நகரும். விலையை ஏற்றுவது அந்த நகர்வுதான். எனவே விலை ஏன் இறங்கியது என்று முதலில் கேளுங்கள். அளிப்பு கூடியதால் இறங்கியிருந்தால், அது மறுபடி ஏறக் காரணமே இல்லை.

கேள்வி: தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, வைரம் இல்லாமல் வாழலாம். பிறகு ஏன் வைரம் விலை அதிகம்?

பதில்: ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுப்பிய புதிர். ஜெவன்ஸ், மெங்கர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1871-இல் தனித்தனியாக விடைக்கு வந்தார்கள்: விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பயன் அல்ல, கடைசி அலகு தரும் பயன். இறுதிநிலைப் பயன்பாடு என்பது அதுதான். தண்ணீர் ஏராளம், அதனால் இன்னொரு குவளை பெரிதாக எதையும் கூட்டாது. பாலைவனத்தில் கணக்கு தலைகீழாகும்.

கேள்வி: பிடிக்காத படிப்பில் இரண்டு ஆண்டு போய்விட்டது. விட்டுவிடலாமா?

பதில்: அந்த இரண்டு ஆண்டு, விட்டாலும் தொடர்ந்தாலும் திரும்பாது. மூழ்கிய செலவு. இனி ஆகப்போகும் செலவையும் இனி கிடைக்கப்போகும் பலனையும் மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றைத் தேர்வதால் கைவிடுவதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. அதைப் போடும்போது கைவிடும் எல்லா வழிகளையும் கூட்டாதீர்கள். அவற்றில் சிறந்த ஒன்று மட்டும்தான் கணக்கு.

கேள்வி: எந்தப் பங்கு வாங்கலாம்?

பதில்: இடம் மாறி வந்துவிட்டீர்கள்.

கேள்வி: பழைய வண்டியைப் பழுதுபார்க்கவே நிறையச் செலவழித்துவிட்டேன். இப்போது விற்றால் நஷ்டம்தானே?

பதில்: இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: மூழ்கிய செலவை மறக்கச் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். எதையும் பாதியில் விடுகிறவனை யார் நம்புவார்கள்?

பதில்: சரி, இதற்கு உட்கார்ந்து பதில் சொல்லலாம். நம்பிக்கை போகும் என்றால் அது இனி வரப்போகும் இழப்பு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான். கூடாது என்பது 'இவ்வளவு போட்டாயிற்றே' என்ற காரணம் மட்டும். மனிதர்கள் அதையும் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்தின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்துப் பருவச்சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் குலுக்கல் முறையில் தள்ளுபடி கொடுத்தார்கள். நாடகங்கள் ஒன்றேதான், ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள்.

கேள்வி: காசு கொடுத்தவர் வருகிறார். இதில் என்ன தவறு?

பதில்: தள்ளுபடி யாருக்கு என்பது குலுக்கலில் முடிவானது, ஆர்வத்தால் அல்ல. அந்த மாலையில் நாடகம் தரும் பயன் இரு சாராருக்கும் ஒன்றுதான். இன்னொன்று, இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. கொடுத்த காசின் வலி ஆறிவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் வாதப்படி அது ஆறியிருக்கவே கூடாது.

கேள்வி: ஓர் ஆண்டுக்கு உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் கட்டிவிட்டேன், போகப் பிடிக்கவில்லை...

பதில்: மூழ்கிய செலவு! மூன்றாம் முறை.

கேள்வி: பணவீக்கம் எப்போது குறையும்?

பதில்: அது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரியல் பொருளியல். என் வயல் அல்ல.

கேள்வி: இலவசமாக இவ்வளவு நேரம் பதில் சொல்கிறீர்கள். உங்கள் வாய்ப்புச் செலவு என்ன?

பதில்: தூக்கம். அதோடு படிக்காமல் வைத்திருக்கும் புத்தகத்தையும் கூட்டிவிடாதீர்கள், ஒன்றுதான் கணக்கு.