தட்டினால் தோல்வியா? ஜுஜுட்சு வகுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, மூன்று வருடமாக ஜுஜுட்சு (பிடித்து மடக்கும் தற்காப்புக் கலை) வகுப்புக்குப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. நான் மாஸ்டர் இல்லை, வெள்ளைக்கு அடுத்த நீல பெல்ட் நிலையில் இருக்கும் மாணவி. பாயில் விழுந்தும் எழுந்தும் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஜுஜுட்சு, ஜூடோ, பிரேசிலியன் ஜுஜுட்சு எல்லாம் ஒன்றா? என் மகன் எதில் சேரலாம்?

ஒரே குடும்பம்தான். மூத்தது ஜப்பானிய ஜுஜுட்சு. வாள் கைநழுவிய பிறகும் எதிரியைப் பிடித்து, மடக்கி, வீழ்த்த வேண்டிய நிலையில் இருந்த போர்வீரர்களின் கலை அது. பல பள்ளிகள் இருந்தன. அவற்றில் இரண்டைக் கற்ற ஜிகொரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கினார். ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, இருவரும் முழு பலத்தோடு மோதினாலும் அடிபடாமல் வீடு திரும்பக்கூடிய பயிற்சியை அவர் நடுவில் வைத்தார். அவரிடமிருந்து வந்த மரபில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பிகளும், தரையில் விழுந்த பிறகு நடக்கும் சண்டையை மேலும் மேலும் செதுக்கினார்கள். அதுதான் பிரேசிலியன் ஜுஜுட்சு. நான் கற்பதும் அதையே.

மகனை எதில் சேர்ப்பது என்றால், போர்டில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். கடைசி அரை மணியாவது மாணவர்கள் உண்மையாகவே எதிர்த்துப் பழகுகிறார்களா என்று கவனியுங்கள். எதிரில் நிற்பவர் ஒத்துழைத்தால் மட்டும் வேலை செய்கிற பிடி, எதிர்ப்பு வரும்போது கைகொடுக்காது.

கேள்வி: 'ஜு' என்றால் மென்மை என்கிறார்கள். ஆனால் வகுப்பில் பார்த்தால் கழுத்தை நெரிக்கிறார்கள், கையை முறுக்குகிறார்கள். இதில் மென்மை எங்கே?

எனக்கும் இந்தக் குழப்பம் ரொம்ப நாள் இருந்தது. வளைந்து கொடுப்பது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டால் விளங்கும். கானோ இதைக் கணக்காகவே சொன்னார். எதிரியின் பலம் 10, என் பலம் 7. அவர் தள்ளும்போது நானும் தள்ளினால் நான்தான் தோற்பேன். அவர் தள்ளும் திசையிலேயே நான் பின்வாங்கினால், அவர் தடுமாறிச் சாய்கிறார். சாய்ந்த நிலையில் அவர் பலம் 3தான். இப்போது என் 7இல் பாதியே போதும்.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது, இல்லையா? யாராவது மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தவுடன் நம் கை தானாகவே நேராக நீண்டு அவரைத் தள்ளப் பார்க்கும். அப்படி நீட்டிய கையைத்தான் அவர் பிடித்து மடக்குவார். தள்ளாமல் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு முழங்காலை உள்ளே நுழைக்கிற அளவு இடம் செய்ய வேண்டும். இந்த ஒன்று எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. மூச்சை அடக்கிக்கொண்டு பதறுவதை விட்ட நாளில்தான் அது வந்தது.

கேள்வி: சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. விழுவதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். சலிப்பாக இருக்கிறது.

செய்யுங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி, கையால் பாயை அறைந்து விழுகிற அந்தப் பயிற்சிதான் வகுப்புக்கு வெளியேயும் பயன்படுவது. பின்னால் விழும்போது கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு, மணிக்கட்டு உடைவதும் அதனால்தான். நான் ஈரப் படியில் வழுக்கியபோது கை ஊன்றவில்லை, தலையும் இடிக்கவில்லை. யோசித்துச் செய்ய அப்போது நேரமே இல்லை. உடம்பு தானாகச் செய்தது.

கேள்வி: என்னைவிடச் சின்னவர்களிடம் மாட்டிக்கொண்டு 'தட்ட' வேண்டியிருக்கிறது. அவமானமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கிப் பார்க்கலாம்?

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிடி இறுகிவிட்டது, விடு என்று சொல்ல எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு மூன்று முறை தட்டுவோம். கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். அந்தக் கணமே விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் வருடத்தில், எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் என் கையை ஆர்ம்பாரில் (முழங்கையை நேராக நீட்டி எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி) பிடித்தாள். பிடி சரியாக இருந்தது: என் மணிக்கட்டு அவள் நெஞ்சோடு, என் முழங்கை அவள் இடுப்புக்கு மேல். உருவிவிடலாம் என்று நினைத்தேன். அவள் இடுப்பை மெதுவாக உயர்த்தினாள், நிறுத்தினாள், என் முகத்தைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். நான் தட்டவில்லை. முழங்கையில் ஒரு சத்தம் கேட்டது.

ஆறு வாரம் வகுப்புக்குப் போக முடியவில்லை, அதுகூடப் பெரிதில்லை. அவள் அன்று அழுதாள். நான் திரும்பி வந்த பிறகும் பல மாதம், யார் கையைப் பிடித்தாலும் பாதியிலேயே விட்டுவிடுவாள். தப்பு செய்தவள் நான், பயத்தைச் சுமந்தவள் அவள். அவள் எனக்குப் போதுமான நேரம் தந்தாள், நான் அவளுக்குத் தர வேண்டிய ஒரே ஒரு பதிலைத் தரவில்லை. அதிலிருந்து, தட்டுவதை எதிரில் இருப்பவருக்கு நான் செலுத்த வேண்டிய கடனாகவே பார்க்கிறேன். எங்கே நிறுத்துவது என்பதை அவர் என் கையிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

1951இல் ரியோவில் நடந்த போட்டியில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுரா, கார்லோஸின் தம்பி ஹெலியோ கிரேசியை ஒரு பிடியில் மாட்டியபோது ஹெலியோ தட்டவே இல்லை. ஹெலியோவின் தரப்பிலிருந்துதான் போட்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கே இன்று 'கிமுரா' என்று பெயர். இந்தக் கதையை வீரமாகச் சொல்வார்கள், ஹெலியோ மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதை முன்மாதிரியாகச் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். வகுப்பில் பரிசும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

கழுத்துப் பிடியில் இன்னும் சீக்கிரம் தட்டுங்கள். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்து நொடிக்குள்ளாகவே நினைவு தப்பலாம், பெரிய வலிகூட இருக்காது. வலிக்கும்வரை தாங்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

கேள்வி: என் எடை 48 கிலோ. வகுப்பில் பெரும்பாலும் ஆண்கள். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் எடை ஒரு பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போட்டிகளில் எடைப் பிரிவு வைத்திருப்பது காரணமில்லாமலா? சமமாகக் கற்ற இருவரில் கனமானவருக்குக் கை ஓங்கத்தான் செய்யும். கற்காத கனமானவரிடம் உங்கள் நுட்பம் பேசும். ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட எடித் கேரட் (Edith Garrud), நூறு வருடங்களுக்கும் முன்பு லண்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தார். போலீஸ் அவர்களைப் பிடித்து இழுத்த காலம் அது.

அப்புறம் ஒன்று. யாரோடு பயிற்சி செய்ய விருப்பமில்லையோ அவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. அதைக் கேட்டு மாஸ்டர் முகம் சுளித்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

கேள்வி: தெருவில் யாராவது தாக்கினால் உதவுமா?

ஓட வழி இருந்தால் ஓடுங்கள். கத்தி இருந்தாலும், ஒருவருக்கு மேல் இருந்தாலும் தரைக்குப் போகவே கூடாது. ஒற்றை ஆள் பிடித்துக்கொண்டால், பதறாமல் விடுவித்துக்கொண்டு எழுந்து ஓட நான் கற்றது உதவும் என்று நம்புகிறேன்.

கேள்வி: முதல் நாளுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

கை, கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பயிற்சி உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடுங்கள். படர்தாமரை பாயில் வேகமாகப் பரவும். தோலில் ஏதாவது வட்டமாகச் சிவந்து தெரிந்தால், ஆறும்வரை போகாமல் இருங்கள், மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள்.