கண்ணாடிக் கிண்ணத்தில் அழுகும் சக்குலென்ட்: மருந்து எது என்று கேட்கும் சகோதரிக்கு

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மொட்டை மாடியில், தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சக்குலென்ட் செடிகளை வளர்த்து, சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் நட்டு, பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அன்பளிப்பாகச் செய்து கொடுத்து வருகிறேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் வண்ண மணல், அதற்கும் மேல் கடையில் பொட்டலமாக விற்கும் சக்குலென்ட் மண் கலவை என்று அடுக்கி, ரோஜாப்பூப் போல இருக்கும் எச்சிவேரியாவை நடுவேன். ஐப்பசியில் ஒரு விழாவுக்குக் கொடுத்த 40 கிண்ணங்களில் 26 கிண்ணத்துச் செடிகள் மூன்றே வாரத்தில் அழுகிவிட்டன. மாசியில் என் நாத்தனார் மகளுக்குத் திருமணம். 150 தாம்பூலப் பரிசுகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு இப்போது தூக்கமில்லாமல் இருக்கிறேன். கடைக்காரர் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றச் சொல்லி, கூடவே ஒரு வளர்ச்சி டானிக்கும் கொடுத்திருக்கிறார். எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்?

பதில்: எதையும் ஊற்ற வேண்டாம். வேர் அழுகலை உண்டாக்கும் பூஞ்சாணங்கள் சிலவற்றைக் கார்பன்டசிம் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் நீர் தேங்கிய மண்ணில் முதலில் கிளம்பும் பித்தியம் போன்ற வேரழுகல் நுண்ணுயிரிகளின் மேல் அது வேலை செய்யாது. வேலை செய்வதாகவே வைத்துக்கொண்டாலும், வடிய வழியில்லாத கிண்ணத்தில் மருந்தை ஊற்றுவது என்பது ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கியிருக்கும் வேருக்கு இன்னும் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுப்பதுதான். போதாததற்கு, விருந்தாளி வீட்டுக் குழந்தை கையில் எடுத்து விளையாடப் போகும் பொருள் அது. டானிக்கைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுங்கள்.

மீதமிருக்கும் செடிகளில் எவை பிழைக்கும் என்று பாருங்கள். அடியிலை காய்ந்து காகிதம் போலச் சுருங்கியிருந்தால் கவலை இல்லை, அது முதுமை. இலை மஞ்சளாகி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து, விரலால் அழுத்தியதும் பிதுங்கினால் அது நீர் மிகுதி. அத்தகைய செடியைப் பிடுங்கி, சுத்தமான கத்தியால் தண்டைக் கீழிருந்து மெல்லிய வில்லைகளாக மேல்நோக்கி நறுக்கிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரியாமல் போகும்வரை நறுக்க வேண்டும். முழுதும் வெளிர்பச்சையாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தத் தலைப்பகுதியை நிழலில் நான்கைந்து நாள் உலர விட்டால் வெட்டு வாய் ஆறித் தோல் கட்டிவிடும், பிறகு நடலாம். தலைவரை கறுத்திருந்தால் குப்பைக்குழிதான்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். அழுகலுக்குக் காரணம் பூஞ்சாணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் கிண்ணம் என்கிறேன். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் அதில் இறங்கித் தனியே நின்றுகொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுவதும் ஊறி, இனி ஒரு சொட்டும் பிடிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் இறங்கும். ஆகவே கல் அடுக்கு செய்வதெல்லாம், அந்த ஊறிய மண்ணை நாலு விரற்கடை தூக்கி வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான். சந்தேகமிருந்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்துக்கொண்டு, சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் அதை அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாருங்கள்: மறுபடியும் தண்ணீர் ஒழுகும். அதே ஸ்பாஞ்சுதான், அழுத்தவும் இல்லை. உயரம் கூடியதும் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆழமில்லாத தட்டைக் கிண்ணம் படுத்திருக்கும் ஸ்பாஞ்சு. அதிலும் துளை இல்லாத கிண்ணத்தைப் பற்றி என்ன சொல்வது?

கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு. 1829-இல் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டைப் புட்டியில் மூடி வைத்திருந்தபோது, அதிலிருந்த ஈரமண்ணில் பெரணி முளைத்ததைக் கண்டு அவர் கண்ணாடிப் பெட்டி செய்தார். ஈரத்துக்கு ஏங்கும் பெரணிக்காகப் பிறந்த பாத்திரத்தில், வறட்சிக்குப் பழகிய செடியை நட்டுவிட்டு மருந்து தேடுகிறோம். நானும் யோக்கியன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்கு இப்படி ஒரு கிண்ணத்தைத்தான் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அதில் சில்லறைக் காசு இருந்தது.

பொட்டல மண் கலவையைப் பிரித்துக் கையில் பிசைந்து பாருங்கள். பெரும்பகுதி தென்னை நார்க்கழிவு, கண்ணுக்கு அழகாக ஒரு பிடி வெள்ளைக் கல், அவ்வளவுதான். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். நாற்றுக்குழித்தட்டுக்கு அதைப்போல நல்ல பொருள் இல்லை, சக்குலென்டுக்கு அதைப்போலக் கெட்ட பொருளும் இல்லை. சரியாகக் கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். நார்க்கழிவு மலைமலையாகக் குவிந்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, அதையே வண்ண உறையில் போட்டுக் கிலோ கணக்கில் விற்பவரிடம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. உடைந்த செங்கல்லை மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவுவரை இடித்து, சல்லடையில் தூளை நீக்கிக் கழுவி இரண்டு பங்கு எடுங்கள். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு, நொறுக்கிய கரி அரைப் பங்கு. அடியிலிருந்து மேல்வரை இந்த ஒரே கலவைதான், அடுக்கே வேண்டாம்.

அடுத்தது, எந்தச் செடி என்பது. எச்சிவேரியா மெக்சிகோ மலைப்பகுதிச் செடி. பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு, இரவுக் குளிரில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கி வந்தால், சமவெளியின் புழுக்கமான இரவில் நிறம் வெளுத்து, கழுத்து நீண்டு, கோடையில் சோர்ந்துவிடும். அதை விட்டுவிடுங்கள். கடைகளில் ஜேட் என்ற பெயரிலேயே விற்கப்படும் போர்ட்டுலக்கேரியா, தென்னாப்பிரிக்காவில் யானை மேயும் செடி. நம் வெயிலைச் சட்டை செய்யாது, நான்கு விரல் நீளக் குச்சி போதும். குட்டைப் பாம்புச்செடி இன்னொன்று. அதை இலையை நறுக்கி நடாமல் பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள், ஏனென்றால் மஞ்சள் கரை உள்ள வகைகளின் இலையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் வெறும் பச்சையாகிவிடும். கிறிஸ்துமுள், திருகுகள்ளி இரண்டும் வேண்டாம்; பால் கண்ணில் பட்டால் விபரீதம்.

எனக்கு மிகவும் பிடித்தது ரணகள்ளி. நம் பக்கத்தில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்பார்களே, அதேதான். முற்றிய இலை ஒன்றை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அழைப்பிதழ்க் காகித உறைக்குள் வைத்துக் கொடுத்தால், சில நாட்களில் இலை விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் மயிரிழை வேரோடு ஒரு குட்டி எட்டிப் பார்க்கும். திருமணத்துக்கு வரும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து இல்லை. ஆடு மாடு தின்றால் நஞ்சு என்பதை மட்டும் உறையின்மேல் எழுதிவிடுங்கள்.

பாத்திரத்துக்கு உங்கள் ஊரிலேயே விடை கிடக்கிறது. தேங்காய் மூடி இரண்டில் கண் உள்ள மூடியை எடுத்தால், மூன்று கண்ணில் ஒன்று மெல்லியதாக இருக்கும். ஆணி வைத்து அழுத்தினாலே திறந்துகொள்ளும். வடிகால் துளையைக் கடவுளே போட்டுக் கொடுத்திருக்கும் கிண்ணம் அது. பருப்பின் மிச்சம் ஒட்டியிருந்தால் எறும்பு மொய்க்கும், ஆகவே நன்றாகக் காயவிட்டுச் சுரண்டுங்கள். வெளிப்புறத்து நாரை உப்புத்தாளால் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் கருங்காலிபோல் மின்னும். தரையில் நிற்பதற்குக் கயிற்றைச் சும்மாடுபோலச் சுற்றி அடியில் வையுங்கள். கொட்டாங்குச்சி கௌரவக் குறைவு என்று சம்பந்தி வீட்டார் நினைப்பார்களானால் குயவரிடம் சொல்லி அகல் சற்று ஆழமாகச் செய்யுங்கள். பச்சை மண்ணாக இருக்கும்போதே விரல் நுழையும் துளை போடச் சொல்ல வேண்டும், சுட்ட பிறகு துளைத்தால் பாதி உடையும்.

செடிமேல் வண்ணம் அடிப்பது, காகிதப்பூவைப் பசையால் கள்ளியின் தலையில் ஒட்டுவது, மண்ணின்மேல் கூழாங்கல்லைப் பசை ஊற்றி இறுக்குவது ஆகியவற்றைச் செய்து விற்கும் நர்சரியில் எதையும் வாங்காதீர்கள். பசை ஊற்றிய தொட்டியில் மண் ஈரமா காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

இப்போது கார்த்திகை. குச்சிகளை இந்த வாரமே வெட்டி, மூன்று நாள் உலர்த்தி, மழைச்சாரல் படாத வெளிச்சமான திண்ணையில் கொட்டாங்குச்சியிலேயே நட்டுவிடுங்கள்; நட்ட ஒரு வாரத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம். சில பட்டுப்போகும் என்பதால் 150-க்கு 180 நடுங்கள். தை பிறந்ததும் வெயிலுக்குப் பழக்கலாம். பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் இருப்பார்கள், எனவே திருமணத்துக்கு ஐந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். உலர்ந்த கொட்டாங்குச்சி கனமும் இராது, பட்டுச் சேலையில் சேறும் ஒழுகாது.