தாலின் பழைய நகரில் ஒரு பகல்: கேள்வி பதில்

கேள்வி: பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து காலைக் கப்பலில் சென்று மாலையில் திரும்ப வேண்டும். எஸ்தோனியத் தலைநகர் தாலினின் பழைய நகரைப் பார்க்க அந்த நேரம் போதுமா?

பதில்: போதும். கடலைக் கடக்க ஏறத்தாழ 2 மணி நேரமாகும். துறைமுகத்திலிருந்து மதில் வாயிலுக்குப் பதினைந்து, இருபது நிமிடங்களில் நடந்தே சென்றுவிடலாம். பருத்த மார்கரெட் என்ற உருண்டைக் கோபுரத்தை ஒட்டிய கடற்கரை வாயில் வழியாக நுழைந்து, பிக் தெருவைப் பிடித்து நேராக நடங்கள். ஒலெவிஸ்தே தேவாலயம், திருமணமாகாத வணிகர்களின் சங்கமாக இருந்த கருந்தலையர் இல்லம், பெருவணிகர் சங்க மாளிகை, 1684ஆம் ஆண்டுக் கடிகாரத்தைச் சுவரில் தாங்கிய பரிசுத்த ஆவி தேவாலயம் எல்லாம் அந்த ஒரே தெருவில் வரிசையாக வரும். அடுத்து நகரமன்றச் சதுக்கம். பால்டிக் கடல் வணிகத்தை ஆண்ட ஹான்சா கூட்டணியின் நகரம் எப்படி அமைந்திருந்தது என்பதை இந்த நடை ஒன்றே காட்டிவிடும். கருங்கல் பாவிய தெருக்கள் என்பதால் தட்டையான, அழுத்தமான அடியுள்ள காலணி அணியுங்கள். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு 5 மணி நேரம்தான் இருக்கிறது. போதுமா?

பதில்: போதும். மேலே சொன்ன வழியிலேயே செல்லுங்கள்.

கேள்வி: மேல்நகரம், கீழ்நகரம் என்று பிரித்துச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: இந்த நகரைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டிய இடமே இதுதான். 1219இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமார் கைப்பற்றிய சுண்ணாம்புக்கல் குன்றுதான் தோம்பேயா. அதன்மேல் ஆட்சியாளர்களும் பிரபுக்களும் ஆயரும் இருந்தார்கள். கீழே, ஜெர்மனியின் லூபெக் நகரத்துச் சட்டத்தின்படி தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்தார்கள். ஒன்றை ஒன்று நம்பாத இரண்டு ஊர்கள் இவை. ஆகவேதான் இரண்டுக்கும் நடுவே சுவரும் வாயிலும் எழுந்தன. நிர்வாகமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனித்தனியாகவே நடந்தது. பிக் யால்க் என்ற நீண்ட சரிவுப் பாதையில் ஏறினால் அந்தச் சுவரை ஒட்டியே நடப்பீர்கள். மேலே ரஷ்யப் பேரரசு 1900இல் கட்டி முடித்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயமும், அதற்கு நேரெதிரே எஸ்தோனிய நாடாளுமன்றம் கூடும் கோட்டையும் நிற்கின்றன. கோட்டையின் நெட்டை ஹெர்மன் கோபுரத்தில் எஸ்தோனியாவின் நீலம், கருப்பு, வெள்ளைக் கொடி 1989 பிப்ரவரி 24 அன்று மீண்டும் ஏறியது. அப்போது சோவியத் ஆட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: ஒலெவிஸ்தே தேவாலயம் 159 மீட்டர் உயரத்துடன் 1549 முதல் 1625 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடமாக இருந்ததாமே?

பதில்: பல கையேடுகளில் இப்படித்தான் இருக்கிறது. நான் ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் உயரம் 115 முதல் 125 மீட்டருக்குள் இருந்திருக்கும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. இன்றைய உயரமும் ஏறத்தாழ 124 மீட்டர்தான். அதே காலத்தில் ஜெர்மனியின் ஸ்ட்ரால்சுண்ட் நகரின் மரியாள் தேவாலயம் 151 மீட்டர் உயர்ந்து நின்றது.

கேள்வி: நான் உடன்படவில்லை. 1625இல் மின்னல் தாக்கி எரிந்தபோது அந்தத் தீ பின்லாந்து வரை தெரிந்ததாகச் சொல்கிறார்கள். 159 மீட்டர் இல்லாமல் அது எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 124 மீட்டர் உயரத்து முனை, கடல் மட்டத்தில் நிற்பவருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரை தெரியும். 159 மீட்டர் என்றால் 45 கிலோமீட்டர். பின்லாந்து வளைகுடாவின் அகலமோ தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆக, எந்த உயரத்தை எடுத்துக்கொண்டாலும் கோபுர முனை அக்கரையில் நிற்பவர் கண்ணில் படாது. மேகத்தில் பட்டுப் பரவிய வெளிச்சம் தெரிந்திருக்கலாம், அதற்கு இந்த 35 மீட்டர் வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. உலகச் சாதனை என்ற பட்டம் இல்லாமலே அந்தத் தேவாலயத்துக்குப் பெருமை நிறைய உண்டு. பலமுறை மின்னலுக்கு இரையாகி, எரிந்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுப்பப்பட்ட கோபுரம் அது. அதன் குறுகிய சுழற்படிகளில் ஏறிப் பாருங்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கேள்வி: அப்படியானால் நகரமன்றச் சதுக்கத்து மருந்துக்கடைதான் உலகிலேயே பழையது என்பதும் பொய்யா?

பதில்: "உலகிலேயே" என்ற சொல்லை நீக்கிவிட்டால் மெய். 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அக்கடை குறிப்பிடப்படுகிறது, இன்றும் மருந்து விற்கிறது. ஐரோப்பாவில் தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய மருந்துக்கடைகளில் ஒன்று என்பதே சரி.

கேள்வி: ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

பதில்: நிகுலிஸ்தே. 1944 மார்ச் 9 குண்டுவீச்சில் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் தேவாலயம். முன்கூட்டியே அப்புறப்படுத்தி வைத்ததால் தப்பிய ஓவியங்களுள் லூபெக் நகர ஓவியர் பெர்ண்ட் நோட்கேயின் 'மரண நடனம்' ஒன்று. மிஞ்சியிருப்பது ஏழரை மீட்டர் நீளமுள்ள தொடக்கப் பகுதி மட்டும். இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள்: போதகர் மேடையில் நிற்கிறார், அவர் காலடியில் அமர்ந்து ஓர் எலும்புக்கூடு பைக்குழல் ஊதுகிறது, அடுத்த எலும்புக்கூடு சவப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி போப்பாண்டவரை ஆட அழைக்கிறது. பின் பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மரணம். கீழே பழைய கீழ்ஜெர்மன் மொழியில் அவர்களின் உரையாடல். லூபெக்கில் இருந்த இதன் இணை ஓவியத்தின் 1701ஆம் ஆண்டு நகல் 1942 குண்டுவீச்சில் அழிந்தது. இதன் முன்னால் அரைமணி நேரமாவது நில்லுங்கள். வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 4 மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

பதில்: இக்கேள்விக்கு முன்னரே இருமுறை பதில் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பிக் தெருவும் தோம்பேயாவும் நிகுலிஸ்தேயும் போதும்.

கேள்வி: உயர்குதிகால் காலணியில் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: பையில் வைத்துக்கொண்டு படத்துக்கு மட்டும் அணியுங்கள். கருங்கல் ஈரமானால் வழுக்கும், கல்லிடுக்கில் குதி சிக்கும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இனிப்பு விரும்பினால், பிக் தெருவில் 1864 முதல் இயங்கும் மையாஸ்மோக் சிற்றுண்டிச்சாலையின் பாதாம் மர்சிபானைச் சுவைத்துப் பாருங்கள்.

கேள்வி: பின்லாந்துக்கு வாங்கிய ஷெங்கன் விசா எஸ்தோனியாவுக்குச் செல்லுமா?

பதில்: செல்லும். இரண்டும் ஷெங்கன் நாடுகளே. ஆனாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: திரும்பும் கப்பலுக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே ஏறும் வாயில் மூடப்படும், ஒரு மணி நேரம் முன்னதாகவே சதுக்கத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். துறைமுகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் உள்ளன. உங்களுக்கு உரியது எது என்பதைச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.