2014-இல் புதுமுகமாக வந்தபோதே அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரோன் டொனால்டிடம் அப்படி என்ன நுணுக்கம் இருந்தது?

முக்கியமாகக் கைவேலைதான். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இல் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் 300 பவுண்டைத் தொடுவார்கள். டொனால்ட் சுமார் 285 பவுண்டு, உயரமும் ஆறடியை ஒட்டித்தான். உருவம் போதாது என்ற பேச்சு இருந்தது. ஆனாலும் புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை 13-ஆவது தேர்வாக எடுத்தது.

அவர் ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்து அசைந்த கணமே முதல் அடி விழுந்துவிடும். எதிரே நிற்கும் கார்ட் (தாக்கும் அணியின் வரிசையில் நின்று தடுப்பவர்) இரு கைகளையும் நீட்டி மார்பைப் பிடிக்க வருவார். அந்தக் கை படுவதற்குள் டொனால்ட் மணிக்கட்டையோ முழங்கையையோ தட்டிவிட்டு, அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பி, தோளைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நுழைந்துவிடுவார். பிடி கிடைக்காத கார்டுக்கு எவ்வளவு எடை இருந்து என்ன பயன்? உயரக் குறைவும் இங்கே சாதகம்தான்: எதிராளியின் நெஞ்சுக்குக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளலாம்.

சரி, வேகம்? அதுவும் இருந்தது; 40 யார்டை 4.68 விநாடியில் ஓடினார். ஆனால் என்னைக் கேட்டால், கையும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதுதான் அபூர்வம். பல புதுமுகங்கள் கல்லூரியில் வெறும் பலத்தால் சமாளித்துவிட்டு இங்கே வந்து திணறுவார்கள். டொனால்டோ முதல் சீசனிலேயே 9 சாக் (பந்தை எறியுமுன் எதிரணிக் குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவரை, வீழ்த்துவது) எடுத்து, சிறந்த தற்காப்புப் புதுமுகம் விருதையும் வாங்கிவிட்டார்.